புதிய பாவும் பழைய பாவும்

பட்டு நெசவால் பெயர் பெற்ற ஊர் ஆரணி. தலைமுறை தலைமுறையாகத் தறியொலி கேட்ட அவ்வூர் இல்லங்களிலிருந்து இன்று மென்பொருள் துறைக்குச் செல்வோர் உளர். தந்தை குழித்தறியில் அமர்ந்திருக்க, மகனோ மகளோ சென்னையிலிருந்தவாறே அமெரிக்க, ஐரோப்பியக் குழுவினரோடு பணிபுரிகின்றனர். பெருமைக்குரிய மாற்றமே இது. ஆயினும் இதனுள் மறைந்துள்ள இடர் ஒன்றை எடுத்துரைக்க விழைகிறேன்.

என்னிடம் தமிழ் பயின்ற ஆரணி மாணவர் ஒருவர், பணியில் சேர்ந்த ஆறாம் திங்களில் வாடிய முகத்தோடு வந்தார். காணொலிக் கூட்டமொன்றில் அயல்நாட்டுத் தலைவர், "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என வினவியுள்ளார். பணி முழுதும் விளங்காதிருந்தும், மேலோர் கேட்கையில் மறுப்பது முறையன்று எனக் கருதி இவர் "ஆம்" என்றார். வேலை முடியவில்லை. சொல் தவறுபவர் என்னும் பெயரோடு குழுவினின்று விலக்கப்பட்டார். "எனக்கு ஆங்கிலம் போதவில்லை ஐயா" என்று வருந்தினார்.

குறை ஆங்கிலத்தில் இல்லை. நெதர்லாந்து அறிஞர் ஹாப்ஸ்டெட், ஐ.பி.எம். நிறுவனத்தின் பல நாட்டு ஊழியரிடம் பெற்ற விடைகளை ஆராய்ந்து 1980இல் நூல் வெளியிட்டார். மேலோர்க்கும் கீழோர்க்கும் உள்ள இடைவெளியை இயல்பென ஏற்கும் மனப்பாங்கிற்கு அவர் இட்ட அளவு இந்தியாவிற்கு 77, அமெரிக்காவிற்கு 40. நம்மவரின் "ஆம்" பணிவைக் குறிக்கிறது. அவர்களோ அதை உறுதிமொழியாகக் கொள்கின்றனர்.

இதற்குத் தீர்வு யாது? பணிவைக் கைவிடுமாறு கூறுதல் தகாது. தறியைப் பாருங்கள். பாவு தீர்ந்ததும் நெசவாளர் புதிய பாவின் இழைகளைப் பழைய பாவின் முனைகளோடு ஒன்றொன்றாகப் பிணைக்கின்றார். பிணைத்த பின்னரே நெய்கின்றார். நிறுவனங்களும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

புதியவர்க்கு முதல் மூன்று திங்களேனும் மூத்த துணைவர் ஒருவரை அமர்த்துக. அவர் மதிப்பெண் இடுபவராக இருத்தலாகாது. அப்போதுதான் ஐயங்கள் அச்சமின்றி வெளிவரும். கூட்டம் முடிந்ததும், தாம் விளங்கிக்கொண்டதைப் புதியவர் தம் சொற்களில் எழுதி அனுப்பும் வழக்கம் வேண்டும். அயல்நாட்டுத் தலைவரும் "முடியுமா?" என்பதை விடுத்து, "எவ்வாறு செய்வீர்?" எனக் கேட்கப் பழகுதல் நன்று. நியூயார்க்கில் காலை 9 மணியாகும்போது இங்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30. நாள் முழுதும் உழைத்துக் களைத்தவரிடம் அவ்வேளையில் விரைந்த விடையை எதிர்பார்ப்பது முறையாகுமா?

தக்காரை ஆராய்ந்து வினையில் அமர்த்துதற்கு வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். அமர்த்தியவரைப் பழக்குதலும் அக்கடமையின் தொடர்ச்சியே.

நிறைவாக, ஆசிரியராகிய எமக்கும் இதில் பங்குண்டு. "புரிந்ததா?" என்றதும் வகுப்பு ஒருமித்து "புரிந்தது ஐயா" என்கிறது; யாமும் மகிழ்ந்து அடுத்த பாடத்திற்குச் செல்கிறோம். அம்மாணவர் சொன்ன "ஆம்" எம் வகுப்பறையில் பயின்றதே. "புரியவில்லை" என்று துணிந்து சொல்லும் மாணவரை இனியேனும் பாராட்டுவோம்.