குவார்ட்டர்ஸ் ஷெட்டுல நிக்கிற பழைய கார்: மீட்கலாம், ஆனா முதலீடுன்னு சொல்லாதீங்க



நெய்வேலியில வளர்ந்தவங்களுக்கு இந்தக் காட்சி பழக்கமா இருக்கும். 60 வயசுல ரிட்டயர்மென்ட். அப்புறம் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். லாரியில கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஏறிடும். கடைசியா ஷெட்டுல ஒண்ணு மட்டும் நிக்கும். ஒரு ஃபியட், இல்லன்னா அம்பாசடர், இல்லன்னா துரு பிடிச்ச லாம்ப்ரெட்டா. புதுசா குடிபோற ஊர்ல அதை நிறுத்த இடம் இருக்காது. அன்னைக்குன்னு பார்த்து பழைய இரும்பு வியாபாரி வாசல்ல வந்து நிப்பார்.

எங்க பெரியப்பா வீட்டுலயும் இதேதான் நடந்துச்சு. கார் 1986-ம் வருஷத்து பிரீமியர் பத்மினி. வாங்கினது எங்க தாத்தா, அவரும் சுரங்கத்துல வேலை பார்த்தவர்தான். ஒன்பது வருஷமா ஸ்டார்ட் பண்ணவே இல்லை. வியாபாரி சொன்ன விலை 18,000 ரூபாய். பெரியம்மா "கொடுத்துடுங்க, இடம் காலியாகட்டும்"னு சொல்லிட்டாங்க.

அப்போ பெரியப்பா பையன் குறுக்க வந்தான். சென்னையில ஐ.டி. வேலை, கைக்கு வர்ற சம்பளம் 48,000. "அண்ணா, மூணு லட்சம் பர்சனல் லோன் போட்டு ரெடி பண்ணிட்டா எட்டு லட்சத்துக்கு வித்துடலாம். இது செம இன்வெஸ்ட்மென்ட்"னான். யூடியூப்ல பழைய பங்களாவுல இருந்து கார் எடுத்துப் புதுசாக்குற வீடியோக்களை ராத்திரி முழுக்கப் பார்த்திருக்கான்.

காரைக் காப்பாத்தணும்ங்கிற அவன் ஆசை தப்பில்லை. அதுக்கு முதலீடுன்னு பேர் வச்சதுதான் தப்பு. ஏன்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.

முதல்ல கணக்கு

3 லட்சம் ரூபாய் லோன், 14% வட்டி, மூணு வருஷம்னு வச்சுக்குவோம். இ.எம்.ஐ. மாசம் சுமார் 10,250 ரூபாய் வரும். வட்டியா மட்டும் 69,000 ரூபாய் போயிடும். 48,000 சம்பளத்துல சென்னை வாடகையும் கட்டிட்டு இதையும் கட்டணும். இவ்வளவு பழைய காருக்கு கார் லோன் கிடைக்கிறது கஷ்டம், அதனாலதான் பர்சனல் லோன் பக்கம் போறாங்க.

சரி, லோன் வேண்டாம், கையில மூணு லட்சம் இருக்குன்னே வச்சுக்குவோம். 7% எஃப்.டி.யில போட்டா அஞ்சு வருஷத்துல அது சுமார் 4.2 லட்சம் ஆகும். கார்ல போட்டா இன்சூரன்ஸ், டயர், பேட்டரி, சின்னச் சின்ன வேலைன்னு வருஷத்துக்குக் குறைஞ்சது 15,000 செலவுன்னு போடுங்க. அஞ்சு வருஷத்துக்கு 75,000. ஆக, அந்தக் கார் கிட்டத்தட்ட 5 லட்சத்துக்கு வித்தாதான் எஃப்.டி.க்கே சமமா வரும். பத்மினி 2000-ம் ஆண்டு வாக்குல வரைக்கும் ஆயிரக்கணக்குல தயாரான கார். அபூர்வம்னு சொல்லி விலை கேட்க முடியாது.

பேப்பர்தான் பாதி விலை

ஷெட்டைத் திறந்ததும் எல்லாரும் இன்ஜினைப் பார்ப்பாங்க. நான் ஆர்.சி. புக்கைக் கேட்டேன். அது இன்னும் தாத்தா பேர்லயே இருந்துச்சு. தாத்தா இறந்து பல வருஷம் ஆச்சு. பதிவு 2016-லேயே முடிஞ்சிருந்தது.

உரிமையாளர் இறந்துட்டா 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் சொல்லி, மூணு மாசத்துக்குள்ள படிவம் 31 கொடுத்துப் பேர் மாத்தணும். நம்ம வீடுகள்ல பலரும் இதைச் செய்யறதில்லை. இப்போ வாரிசுச் சான்றிதழ் எடுக்கணும், ரெண்டு அத்தைகள்கிட்டயும் ஆட்சேபனை இல்லைன்னு கையெழுத்து வாங்கணும். ஒரு அத்தை பெங்களூர்ல இருக்காங்க. "எங்க அப்பா கார், என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"ன்னு அவங்க கேட்டது நியாயம்தானே?

அடுத்தது கட்டணம். 15 வருஷம் தாண்டின காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் வரைக்கும் 600 ரூபாய்தான். அப்புறம் அது 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டின காருக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்க. தாமதமானா மாசத்துக்கு 500 ரூபாய் கூடுதல். பசுமை வரி தனி. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை இதே கதைதான்.

"விண்டேஜ்னு பதிவு பண்ணிடலாமே?"ன்னு தம்பி கேட்டான். 2021 ஜூலைல மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டிக்குத்தான் அந்தப் பதிவு. புதுப் பதிவுன்னா 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், நம்பர்ல 'வி.ஏ.'ன்னு எழுத்து வரும். ஆனா தினசரி ஓட்டக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. வண்டி பழைய வடிவத்துல, பெரிய மாற்றம் இல்லாம இருக்கணும். 1986 மாடல் இன்னும் பத்து வருஷம் காத்திருக்கணும்.

அந்த 'பழைய வடிவம்'ங்கிறதை அடிக்கோடு போட்டுக்குங்க. அமெரிக்காவுல பழைய காரை வெட்டி, பெரிய இன்ஜின் வச்சு, 'ஹாட் ராட்'னு ரோட்ல ஓட்டுறாங்க. அதைப் பார்த்துட்டு இங்க பத்மினிக்கு வேற இன்ஜின் மாட்டினா, மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு குறுக்க வரும். ஆர்.சி.யில இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை இஷ்டத்துக்கு மாத்த முடியாது. நாளைக்கு விண்டேஜ் பதிவுக்கான தகுதியும் போயிடும். ஒரே செலவுல ரெண்டு நஷ்டம்.

பெரிய லாபக் கதைகளோட மறுபக்கம்

பிரான்ஸ்ல ரோஜர் பையோன்னு ஒருத்தர் கார் மியூசியம் வைக்கிற கனவுல நிறைய பழைய கார்களைச் சேர்த்தார். 1970-கள்ல தொழில் நொடிச்சுப்போய் ஒரு பகுதியை விக்க வேண்டி வந்துச்சு. மிச்சம் இருந்தது அவர் எஸ்டேட்டுக் கொட்டகையில துரு பிடிச்சுக் கிடந்துச்சு. 2015-ல பாரீஸ்ல 59 கார்கள் ஏலத்துக்கு வந்தப்போ ஒரு ஃபெராரி மட்டும் 1.6 கோடி யூரோவைத் தாண்டிப் போச்சு. உலகமே வாயைப் பிளந்தது. ஆனா காரைச் சேர்த்தவர் கையில அந்தப் பணம் வரலை, வாரிசுகளுக்குத்தான் வந்துச்சு.

நம்ம நாட்டுக் கதை இன்னும் சுவாரஸ்யம். மும்பையில ஒரு சம்பளக்காரர் 1931 மாடல் ஃபோர்டு காரை 1983-ல 20,000 ரூபாய்க்கு வாங்கி, சில வருஷத்துல 21 லட்சத்துக்கு வித்தார். நூறு மடங்குக்கு மேல! சொந்தப் பயன்பாட்டுப் பொருளை வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது, அதனால வரி இல்லைன்னு அவர் வாதம். நீங்க இதை ஓட்டினதுக்கு ஆதாரம் இல்லைன்னு வருமான வரித்துறை வாதம். வழக்கு 30 வருஷத்துக்கு மேல இழுத்து, 2025-ல பாம்பே ஹைகோர்ட் வரி கட்டணும்னு சொல்லிடுச்சு. "முதலீடு"ன்னு வாங்கி மூடி வச்சா, வரித்துறையும் அதை அப்படித்தான் பார்க்கும்.

அப்போ இரும்புக்குப் போட்டுடணுமா?

அதுவும் வேண்டாம்னுதான் சொல்லுவேன். அம்பாசடர் உற்பத்தி 2014-ல நின்னுடுச்சு. சென்னைக்குப் பக்கத்துல தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை இன்னைக்கு ரோட்ல பார்க்கிறதே அபூர்வம். கோயம்புத்தூர் ஜி.டி. கார் மியூசியத்துல வரிசையா நிக்கிற கார்களைப் பார்த்தா, யாரோ ஒருத்தர் எடைக்குப் போடாம விட்டதாலதான் இதெல்லாம் இருக்குன்னு புரியும். அதுக்கு ஒரு மதிப்பு உண்டு. அது ரூபாய்ல வரும்னு எதிர்பார்க்காதீங்க, அவ்வளவுதான்.

நாங்க என்ன செஞ்சோம்? லோன் எடுக்கலை. ஆறு மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்டையும் எஸ்.ஐ.பி.யையும் தொடவே கூடாதுன்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன். டூர், சினிமாவுக்கு வச்சிருந்த காசுல இருந்து மாசம் 8,000 ஒதுக்கினான். முதல் மூணு மாசம் வண்டி மேல ஒரு ரூபாய் கூடப் போடலை, பேப்பர் வேலை மட்டும்தான். பெங்களூர் அத்தைகிட்ட பெரியப்பாவே பேசினார். வியாபாரி சொன்ன 18,000-ஐ அளவா வச்சு, ரெண்டு அத்தைகளுக்கும் அவங்க பங்கைக் கொடுத்தோம். அப்புறம்தான் மெக்கானிக். கார்புரேட்டர், பிரேக் பாகங்களை புதுப்பேட்டையில தேடி எடுத்தான். மொத்தம் 1.4 லட்சம், ஒன்றரை வருஷம்.

கார் இப்போ ஓடுது. வித்தா போட்ட காசு வருமான்னு கேட்டா, சந்தேகம்தான். அவனோட நெட்வொர்த் ஷீட்ல அந்தக் காருக்கு நேரா பூஜ்யம்னு போடச் சொன்னேன். முதல்ல முறைச்சான், அப்புறம் போட்டான்.

உங்க வீட்டு ஷெட்டுலயும் ஒரு கார் நிக்குதா? இந்த வாரமே ஆர்.சி. புக் யார் பேர்ல இருக்கு, எப்போ முடிஞ்சதுன்னு மட்டும் பாருங்க. அந்தப் பேர்ல இருக்கிறவர் இன்னும் நம்மளோட இருந்தா, பேர் மாத்துற வேலையை இப்பவே முடிச்சிடுங்க. ஒரு கையெழுத்துல முடியிற வேலையை அஞ்சு கையெழுத்து வரைக்கும் இழுக்காதீங்க.