விதைத்தவர் பெயர்



மார்கழிக் கடைசியில் நாகப்பட்டினம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். பத்து நாளில் அறுக்க வேண்டிய சம்பா, பருவம் தப்பிய மழையில் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. வரப்பில் நின்ற அம்மா ஒரு கதிரை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். மணிக்கு மணி வெள்ளையாக முளை விட்டிருந்தது.

"நிவாரணம் வரும்லம்மா?" என்றேன்.

"வரும் தம்பி. நெலம் யாரு பேர்ல இருக்கோ அவங்களுக்கு வரும்."

அவருடையது மூன்று மா குத்தகை நிலம். காதில் கிடந்த தோட்டை அடகு வைத்துத்தான் நடவும் உரமும். கணக்கெடுக்க வந்தவர்கள் கையிலிருந்த அடங்கல் என்னும் கிராமப் பயிர்ப் பதிவேட்டிலோ, வெளியூரில் இருக்கும் பட்டாதாரரின் பெயர்.

பேரிடர் நிவாரணத்துக்கென்று தெளிவான விதிகள் உண்டு. முன்பு பாதிப் பயிர் அழிந்தால்தான் இடுபொருள் மானியம். 2015-இல் அந்த வரம்பு 33 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஏராளமான சிறு விவசாயிகளுக்கு அது பெரிய ஆறுதல். மத்திய அரசு 2022-இல் திருத்திய விதிப்படி பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500. அதுவும் 2 ஹெக்டேர் வரைதான். ஏக்கர் கணக்கில் பார்த்தால் நெல்லுக்கு 7,000 ரூபாய்கூடத் தேறாது. நிவர், புரெவி புயல்களுக்குப் பின் தமிழக அரசு, அப்போது ஹெக்டேருக்கு 13,500 ஆக இருந்த தொகையை 20,000 ஆக்கிக் கொடுத்ததையும் நன்றியோடு நினைக்க வேண்டும்.

தொகை போதாது என்பது உண்மை. அந்தப் போதாத தொகையும் சேற்றில் இறங்காத ஒருவர் வங்கிக் கணக்குக்குப் போய்ச் சேருவதுதான் நெஞ்சை அறுக்கிறது.

குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்வதற்கு 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் வாய்ப்பேச்சுக் குத்தகைதான் இன்றும் அதிகம். பெயர் ஏறிவிட்டால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று உரிமையாளருக்குப் பயம். கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காதோ என்று உழுபவருக்குப் பயம். இரண்டு பயத்தையும் போக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு. நில உரிமைக்கும் நிவாரணத்துக்கும் முடிச்சுப் போடாமல், அந்தப் போகத்தில் சாகுபடி செய்தவர் யார் என்பதை மட்டும் கிராமத்திலேயே விசாரித்து அடங்கலில் எழுதட்டும். யார் வயலில் யார் நடவு நட்டார் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நம் வாசகர்களில் பலருக்கு ஊரில் நிலம் இருக்கிறது. சென்னையிலோ கோவையிலோ வேலை. உங்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். வெள்ள நிவாரணம் என்று உங்கள் கணக்கில் பணம் ஏறினால், அன்றைக்கே உங்கள் நிலத்தில் பாடுபட்டவரைப் போனில் கூப்பிடுங்கள். முழுத் தொகையையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த போகத்துக்கு முன், கிராம நிர்வாக அலுவலரிடம் அவர்தான் சாகுபடியாளர் என்று எழுதிக் கொடுங்கள்.

அந்த அம்மா கொடுத்த கதிர் என் மேசையில் காய்ந்து கிடக்கிறது. இந்தத் தையில் உங்களில் யாராவது ஒருவர் அப்படிச் செய்திருந்தால், எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்தக் கடிதத்தை அந்த அம்மாவிடம் நானே கொண்டுபோய் வாசித்துக் காட்டுவேன்.

அன்புடன்,
ஆசிரியர்