கல்வி அலுவலருக்கு அதிகாரம் எங்கே?

தமிழகப் பள்ளிக் கல்வி நிர்வாகத்தின் வரைபடம் நான்கே ஆண்டுகளில் இரு முறை திருத்தி எழுதப்பட்டது. 2018-இல் புதிதாக 52 கல்வி மாவட்டங்கள் உருவாக்கப்பட்டன. தொடக்கக் கல்விக்கெனத் தனியே இருந்த அலுவலர் பதவிகள் நீக்கப்பட்டு, எல்லாப் பள்ளிகளும் ஒரே குடையின்கீழ் வந்தன. 2022-இல் அது மாற்றப்பட்டு, தொடக்கக் கல்வி, இடைநிலைக் கல்வி, தனியார் பள்ளிகள் எனத் தனித்தனி மாவட்டக் கல்வி அலுவலர்கள் வந்தனர். இரு முறையும் எல்லைகள் மாறின. அலுவலரின் அதிகாரம் மாறவில்லை.

பொறுப்புகளோ பெருகியபடி உள்ளன. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், அதே ஆண்டு அறிமுகமான காலை உணவுத் திட்டம், நாள்தோறும் 'எமிஸ்' தளத்தில் ஏறும் விவரங்கள், நீதிமன்ற வழக்குகள் என அனைத்துக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். ஆனால், ஆசிரியர் பணியிடத்தை நிரப்புவது மாநில அளவிலான கலந்தாய்வு. நிதி மேலிருந்து வருகிறது, வராமலும் போகிறது. 2024-25-இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் வர வேண்டிய ரூ.2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தி வைத்தபோது, அந்தச் சுமையில் பங்கேற்ற மாவட்ட அலுவலருக்கு அதில் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில், மக்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் மாவட்டக் கண்காணிப்பாளரை ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கிறது. வரவு-செலவுத் திட்டத்தை வாரியத்தின் முன் வைப்பவர் அவர். தவறினால் பதவி இழப்பவரும் அவரே. அங்கு நிதியின் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருவதால், வசதியான பகுதிக்கு வசதியான பள்ளி என்ற ஏற்றத்தாழ்வும் உண்டு. அந்த வரி முறை நமக்கு வேண்டாம். பொறுப்பும் அதிகாரமும் ஒருவரிடம் சேர்ந்திருக்கும் முறை வேண்டும்.

நமக்கே அதற்கு முன்னுதாரணம் உண்டு. காமராஜர் ஆட்சியில் பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளுக்கு அடிப்படை, பள்ளிதோறும் தேவைகளைப் பட்டியலிட்ட பணிதான். அதைக் கண்டு ஊர் மக்கள் பொருளாகவும் பணமாகவும் அள்ளிக் கொடுத்தனர்.

விருத்தாசலத்தை எடுத்துக்கொள்வோம். பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும், முந்திரி ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற வேளாண் ஆராய்ச்சி நிலையமும் உள்ள ஊர் இது. 1978-இல் மேல்நிலைக் கல்வியுடன் தொழிற்பிரிவும் தமிழகத்தில் அறிமுகமானது. உள்ளூர்த் தொழிலையும் பள்ளியையும் இணைக்க இங்குள்ள அலுவலர் விரும்பினாலும், ஒரு பயிற்றுநரை அமர்த்தவோ ஒரு பாடவேளையை மாற்றவோ சென்னையின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்குக் கணித ஆசிரியர் இல்லாத பள்ளியின் நிலையும் இதுதான். கலந்தாய்வு அடுத்த ஆண்டும் வரும். அந்த மாணவருக்குப் பத்தாம் வகுப்பு மீண்டும் வராது.

உள்ளூரில் அதிகாரம் குவிந்தால் சிபாரிசும் கையூட்டும் தலைதூக்கும் என்ற அச்சம் நியாயமானது; கலந்தாய்வு முறைக்கான தேவையே அதிலிருந்து எழுந்ததுதான். ஆகவே, நிரந்தர இடமாறுதல் கலந்தாய்விலேயே நீடிக்கட்டும். காலியிடத்துக்கு ஒரு கல்வியாண்டுக்கு மட்டும் மாற்றுப் பணி வழங்கும் உரிமை, நிபந்தனையற்ற சிறு நிதி, குறைந்தது மூன்றாண்டுப் பணிக்காலம் ஆகிய மூன்றை அலுவலருக்கு வழங்கலாம். அவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் காரணத்துடன் பள்ளி மேலாண்மைக் குழுக்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

அதிகாரமில்லாத பொறுப்பு, திறமையான அலுவலரையும் அறிக்கை எழுதுபவராக்கிவிடும். மூன்றாம் முறை வரைபடத்தைத் திருத்துவதற்கு முன், அரசு இதைச் சிந்திக்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).