பாடத்தைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் தாராவித் தமிழர் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "என்ன படிக்க விரும்புகிறாய்?" என்பதன்று, "எதைப் படித்தால் செலவு குறையும்?" என்பதே. விஞ்ஞானமா, வணிகமா, கலையா என்பதை மாணவனே முடிவு செய்கிறான் என்று நாம் நினைக்கிறோம். உண்மை வேறு.

இது புதிய கதையுமன்று. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற அண்ணல் அம்பேத்கர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டப்படாதவர் என்று சொல்லி மறுத்தார்கள். பாரசீகம் படித்தே 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அன்று சாதி கதவை நேராகவே சாத்தியது. இன்று கதவு திறந்திருக்கிறது. ஆனால் மூன்று தடைகள் வாசலை மறிக்கின்றன.

முதல் தடை பணம். விஞ்ஞானப் பிரிவு கல்லூரிக் கட்டணத்தோடு முடிவதில்லை. மருத்துவம், பொறியியல் என்றால் நுழைவுத் தேர்வு. அதற்குத் தனி வகுப்பு. தோல் பட்டறையிலும் தையல் மெஷினிலும் உழைக்கும் தந்தை அங்கேயே பின்வாங்குகிறார்.

இரண்டாவது மொழி. தமிழ்ப் பள்ளியில் தொடங்கிய பிள்ளை, பதினொன்றில் இயற்பியலை ஆங்கிலத்தில் சந்திக்கிறது. மொழி மாறிய திகைப்பை அறிவுக் குறை என்று எண்ணி, "இவனுக்குக் கணக்கு வராது" என்று நாமே தீர்ப்பெழுதிவிடுகிறோம். பெண்ணாக இருந்தால், ஆய்வுக்கூட வகுப்பு முடிந்து வர நேரமாகும் என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது.

மூன்றாவது சான்றிதழ். பரேல் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி இடம் பற்றிய மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில், குடிபெயர்ந்தவரோடு இடஒதுக்கீட்டு உரிமை மாநிலம் தாண்டி வராது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகாராட்டிரத்தில் பட்டியல் சாதியினர் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பும், பிற்படுத்தப்பட்டோர் 1967 அக்டோபர் 13-க்கு முன்பும் குடும்பம் இங்கு வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். சாதிப் பெயர் இம்மாநிலப் பட்டியலிலும் இருக்க வேண்டும். ஊரில் ஒடுக்கப்பட்டவன் ரயிலேறி வந்ததால் ஒடுக்குமுறை தீர்ந்துவிட்டதா? இந்த அநீதியை எதிர்த்துக் குரல் கொடுப்பது நம் கடமை.

அதுவரை சும்மா இருக்கலாமா? கூடாது. பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே பாட்டனின் பழைய ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று, வேலைச் சீட்டு ஆகியவற்றைத் தேடி எடுங்கள். கல்லூரியில் படிக்கும் நம் இளைஞர்கள், ஒன்பது, பத்தாம் வகுப்பினருக்குக் கணக்கும் விஞ்ஞானமும் ஆங்கிலச் சொற்களோடு மாலையில் சொல்லிக் கொடுக்கட்டும். பத்தாவது முடித்து மூன்றாண்டு டிப்ளமோ படித்தால் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரே சேர வழியுண்டு என்பதை வீடு வீடாகச் சொல்வோம்.

1887-இல் தோன்றிய வி.ஜே.டி.ஐ. பக்கத்து மாட்டுங்காவில்தான் இருக்கிறது. அதன் மதிலோரம் நடந்து வேலைக்குப் போகும் தந்தையின் பிள்ளை அதன் வாயிலுக்குள் நுழைய வேண்டாமா?

பெற்றோரே, வழியைக் காட்டுங்கள். செலவையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் முதலில் பிள்ளையின் விருப்பத்தைக் கேளுங்கள்!