கணக்கு பிடிச்ச பிள்ளை எங்கே போகும்?

போன தடவை ஜி.எஸ்.டி. பற்றி எழுதி வகுப்பு நண்பர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்தத் தடவை மொக்கை இல்லை, கொஞ்சம் கோபம். பொறுமையாகப் படியுங்கள். திட்டுவதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

எங்க ஊர் இடைசெவல். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ் ஏறி கொஞ்சம் கண்ணசந்தால் தாண்டிப் போயிருப்பீர்கள். ஆனால் இலக்கியம் படிக்கிறவர்களிடம் ஊர்ப் பேரைச் சொன்னால் போதும், "அடடே, கி.ரா. ஊரா? கு.அழகிரிசாமி ஊரா?" என்று முகம் மலர்ந்துவிடும். 1970-ல் அழகிரிசாமிக்கு, 1991-ல் கி.ரா.வுக்கு. ஒரே கரிசல் கிராமத்துக்கு ரெண்டு சாகித்ய அகாதமி. அதிலும் கி.ரா. பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவர். பட்டமே இல்லாமல் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். எங்களுக்குப் பெருமைதான், மறுக்கவில்லை.

பிரச்சினை என்னவென்றால், அவரைக் காட்டியே எங்க ஊரில் பிள்ளைகளைத் தேற்றுவார்கள். "தெறமை இருந்தா எங்க கெடந்தாலும் மேல வந்துரலாம்டே."

இந்தப் பதிவு அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரானது.

கதை எழுத விரும்புகிறவனுக்கு ஊரே பள்ளிக்கூடம். தாத்தா கதை சொல்வார், பாட்டி பழமொழி சொல்வாள், டீக்கடையில் உட்கார்ந்தால் வட்டார வழக்கு இலவசம். கணக்கு அப்படி இல்லை. "எனக்கு ஒரு கணக்கு தோணுது" என்று சொன்னால், "அப்படியா, மேல சொல்லு" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் கிராமத்தில் கிடைப்பது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி கல்வித் துறை நடத்தக் கூடாது என்பதுதான் என் கட்சி.

என் கதையைச் சொல்கிறேன். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தாள். கழிவுப் பெட்டிகள் வீட்டுக்கு வரும், அதுதான் எனக்கு விளையாட்டுச் சாமான். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் அதைச் சதுரமாக அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டி. அதைச் சுற்றி ரெண்டு பக்கம் மட்டும் ஒரு வரிசை வைத்தால் 3 பெட்டி செலவு, மொத்தம் 4. இன்னொரு வரிசைக்கு 5, மொத்தம் 9. அடுத்ததுக்கு 7, மொத்தம் 16. ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் எப்போதும் சதுரம்தான் வரும், ஏன் வரும் என்பதும் கண் முன்னாடியே தெரிகிறது! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. (பின்னாளில்தான் தெரிந்தது, இது கிரேக்கர்கள் 2000 வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்த விஷயம் என்று. பரவாயில்லை, எனக்கு அன்றைக்குத்தான் புதுசு.)

மறுநாள் கணக்கு சாரிடம் காட்டினேன். நல்ல மனுசர். ரொம்ப நேரம் பெட்டிகளையே பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டு விட்டார். "இவன நவோதயா மாதிரி எங்கயாவது சேர்த்து விடுங்க" என்றார். அப்பாவுக்கு அந்தப் பேரே புதுசு. "எங்க சார் இருக்கு அது?" என்று கேட்டார். அப்புறம்தான் சாருக்கே உறைத்தது. தமிழ்நாட்டில் அது இல்லை.

தெரியாதவர்களுக்காக: ஜவகர் நவோதயா வித்யாலயா என்பது 1986 தேசிய கல்விக் கொள்கையின் கீழ் வந்த உறைவிடப் பள்ளி. மாவட்டத்துக்கு ஒன்று. 75 சதவீத இடங்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்கு. தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் இலவசம். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரே ஒரு தடவை தேர்வு எழுதலாம், அதுவும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்துப் பள்ளிக்கு மட்டும். நாடு முழுக்க 650-க்கும் மேல் இருக்கின்றன. பக்கத்தில் புதுச்சேரியில் இருக்கிறது, காரைக்காலில்கூட இருக்கிறது. இந்தியாவில் ஒன்றுகூட இல்லாத ஒரே மாநிலம் நம்முடையது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அங்கே மும்மொழி, இங்கே 1968-லிருந்து இருமொழி. 2017 செப்டம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நவோதயாவை அனுமதிக்கச் சொன்னது, அதே வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. எட்டு வருஷம் கழித்து 2025 டிசம்பரில் அதே உச்ச நீதிமன்றம், மாநிலமும் மத்திய அரசும் உட்கார்ந்து பேசுங்கள் என்றது.

இங்கேதான் நான் எல்லோரிடமும் அடி வாங்கப் போகிறேன். இந்தித் திணிப்பு வேண்டாம் என்று சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. சரியென்றே வைத்துக்கொள்வோம். என் கேள்வி வேறு. "அது வேண்டாம்" என்று சொன்ன அன்றைக்கே "இது எங்களுடையது" என்று ஒன்றைக் கட்டியிருக்க வேண்டுமா இல்லையா? தமிழ் வழியில், இருமொழியில், நம் காசில், கிராமத்துப் பிள்ளைகளுக்காக மாவட்டத்துக்கு ஒரு உறைவிடப் பள்ளி கட்ட எந்த டெல்லி தடுத்தது? 1986-லிருந்து 2021 வரை 35 வருஷம். அதற்குள் ரெண்டு தலைமுறைப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிப் போய்விட்டார்கள். கொள்கை ஜெயித்தது, பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது?

சரி, வேறு என்ன வாசல் இருந்தது?

ஒன்று, உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதிநகரில் 1962-லிருந்து இருக்கும் சைனிக் பள்ளி. ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வில் மொத்தம் 300 மார்க், அதில் கணக்குக்கு மட்டும் 150! தமிழிலேயே எழுதலாம். ஆனால் வருஷக் கட்டணம் லட்சத்துக்கு மேல். வருமானத்துக்குத் தக்க உதவித்தொகை உண்டு என்பது எங்க வீட்டுக்குத் தெரிய வந்தபோது என் வயசு தாண்டிவிட்டது. அதோடு அது ராணுவ அதிகாரிகளை உருவாக்க வந்த பள்ளி. நான் ஆசைப்பட்டது கணக்குக்கு, கவாத்துக்கு இல்லை.

ரெண்டு, தனியார் விடுதிப் பள்ளிகள். நான் பத்தாவது படித்தது 2020-21. பரீட்சையே நடக்காமல் எல்லோரும் பாஸ். மார்க் இல்லாததால் ஒரு விடுதிப் பள்ளி தானே ஒரு டெஸ்ட் வைத்து ஆள் எடுத்தது. பேர் வேண்டாம். கணக்கில் முதல் ஆளாக வந்தேன், பீஸ் பாதி. அம்மா கம்மலை அடகு வைத்து மீதிப் பாதியைக் கட்டினாள். போன முதல் வாரமே பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு பன்னிரண்டாம் வகுப்பை ஆரம்பித்தார்கள். "ஏன் சார் இந்த பார்முலா வருது?" என்று கேட்டேன். "ஏன்னு கேட்டா நேரம் போகும், எப்படின்னு கேளு" என்று பதில் வந்தது. அதிகாலை ஐந்து மணிக்கு ஸ்டடி, ராத்திரி பதினொன்று வரை ஸ்டடி, தினமும் டெஸ்ட். ரெண்டு மாசத்தில் எனக்குக் கணக்கு என்றாலே குமட்டியது. மூணாவது மாசம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டி பஸ் ஏறிவிட்டேன். அறிவியல் குரூப்பில் இடமில்லை, காமர்ஸ் குரூப்பில் இருந்தது. அப்படித்தான் நான் பி.காம். ஆனேன் மக்களே. (காமர்ஸை நான் குறை சொல்லவில்லை. வணிகக் கணிதம்தான் என்னைத் திரும்ப மனுசனாக்கியது.)

பதினொன்றாம் வகுப்பைத் தாண்டிக் குதிக்கிற வித்தையை நிறுத்தத்தான் 2017-18-ல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. இப்போது 2025 மாநிலக் கல்விக் கொள்கையோடு அதையும் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது, சந்தோஷம். குதிக்கிறவர்களுக்கும் வழி திறந்தாகிவிட்டது, அதை யார் பார்ப்பது?

மூணு, அரசு மாதிரிப் பள்ளிகள். 2021-22-ல் ஆரம்பித்து இப்போது எல்லா மாவட்டத்துக்கும் வந்துவிட்டன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச உறைவிடம். மனசாரப் பாராட்டுகிறேன், 35 வருஷம் தாமதமாக வந்தாலும் வந்ததே. ஆனால் ரெண்டு குறை. ஒன்பதாம் வகுப்புக்கு மேல்தான் வாசல் திறக்கிறது. அப்புறம், அந்தப் பள்ளிகளின் பெருமை எதில் அளக்கப்படுகிறது? எத்தனை பேர் ஐ.ஐ.டி., எத்தனை பேர் மருத்துவம். பட்டியல் நல்ல பட்டியல்தான். ஆனால் பட்டியலுக்காக நடக்கும் பள்ளி, நான் ஓடி வந்த விடுதியின் இலவசப் பதிப்பாக மாற எத்தனை நாள் ஆகும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நவோதயாவே வந்தாலும் என் பிரச்சினை முழுசாகத் தீராது. அந்தத் தேர்வில் 80 கேள்வி, 2 மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிஷம். கணக்குக்கு 20 கேள்வி, 25 மார்க். "1, 4, 9, 16, அடுத்தது என்ன?" என்று கேட்டால் 25 என்று பொறுக்கிவிட்டு ஓட வேண்டும். தீப்பெட்டி அடுக்கி ஏன் என்று கண்டுபிடித்த பையனும், கோச்சிங்கில் மனப்பாடம் செய்த பையனும் ஒரே வட்டத்தைத்தான் கருப்பாக்குவார்கள். யார் வேகமாகக் கருப்பாக்குகிறார்களோ அவர்களுக்கு இடம். வேகத்தை அளந்துவிட்டு ஆர்வத்தை அளந்ததாகச் சொல்லக் கூடாது.

"வேற எப்படிடா அளக்க முடியும்?" என்று கேட்பீர்கள். முடியும், செய்திருக்கிறார்கள். 1962-ல் சோவியத் சைபீரியாவில். நோவோசிபிர்ஸ்க் விஞ்ஞானிகள் ஒரு ஒலிம்பியாட் நடத்தினார்கள். முதல் சுற்று தபால் வழி. எந்த மூலையில் இருக்கும் பிள்ளையும் வீட்டில் உட்கார்ந்து, நாள் கணக்கில் யோசித்து, விடையை விளக்கி எழுதி அனுப்பலாம். நன்றாக எழுதியவர்களைக் கோடை முகாமுக்கு அழைத்தார்கள். அங்கே சேர்ந்து வேலை செய்வதைப் பார்த்துத்தான் 1963-ல் தொடங்கிய உறைவிடப் பள்ளிக்கு ஆள் எடுத்தார்கள். அதே வருஷம் மாஸ்கோவிலும் ஒன்று தொடங்கியது, தலைநகருக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளுக்காக. அங்கே பாடம் எடுத்தவர் நிகழ்தகவுக் கணிதத்துக்கே அடித்தளம் போட்ட கொல்மொகோரோவ். உலகப் புகழ் பெற்ற மனுசர் பதினைந்து வயசுப் பிள்ளைகளுக்குக் கணக்கும் சொல்லித் தந்து, இசையும் கேட்க வைத்து, நடைப்பயணமும் கூட்டிப் போனார். அங்கே கணக்குதான் பிள்ளையைத் தேடிப் போனது. பிள்ளை கணக்கைத் தேடி அலையவில்லை.

நம்மால் முடியாதா? அரசுப் பள்ளிகளில் ஐந்து முதல் எட்டாம் வகுப்பு வரை மாசம் ஒரு கணக்கு. ஒரே ஒரு கணக்கு. விடை ஒரு பக்கம், பிள்ளையின் சொந்தத் தமிழில். ஒவ்வொரு மாவட்டத்திலும் கல்லூரிகளில் கணிதம் படிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் திருத்தட்டும். கோடையில் பத்து நாள் முகாம். அதிலிருந்து மாதிரிப் பள்ளிக்கு ஆறாம் வகுப்பிலேயே ஒரு பிரிவு. வட்டம் கருப்பாக்கும் தேர்வு இல்லை, விண்ணப்பக் கட்டணம் இல்லை. புதுக் கட்டடம்கூட வேண்டாம்.

"ராமானுஜன் இதெல்லாம் இல்லாமலே வரலையா?" என்று ஒரு அண்ணன் கட்டாயம் கேட்பார். அண்ணே, ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் மற்ற பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தவர். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. 1913-ல் ஹார்டிக்கு எழுதிய கடிதம் குப்பைக்குப் போயிருந்தால் குமாஸ்தாவாகவே முடிந்திருப்பார். பட்டம் இல்லாதவருக்கு மாசம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்கச் சென்னைப் பல்கலைக்கழகம் அதே வருஷம் விதியைத் தளர்த்தியது. ராமானுஜன் தானாக மேலே வந்தார் என்பதற்கு அவர் கதை சாட்சி இல்லை, யாரோ சிலர் விதியைத் தளர்த்தினார்கள் என்பதற்குத்தான் சாட்சி. கடிதம் எழுதத் தெரியாத குமாஸ்தாக்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை.

"நல்ல பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துட்டா மிச்சப் பள்ளிக்கூடம் என்னாகும்?" என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் மாசம் ஒரு கணக்கு எல்லாப் பள்ளிக்கும் போகட்டும் என்கிறேன். விடுதிக்குப் போகாத பிள்ளைக்கும் அந்தக் கணக்கு மிச்சமிருக்கும்.

இதை எழுத உட்கார்ந்த காரணத்தைச் சொல்லி முடிக்கிறேன். சாயங்காலம் எங்க தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஆறாவது படிக்கும் ஒரு பாப்பா, பகா எண் பாடம் நடத்தி முடித்ததும் கேட்டது: "அண்ணே, இந்தப் பகா எண்ணெல்லாம் ஒருநாள் தீந்து போயிருமாண்ணே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தீராதும்மா" என்றேன். "ஏண்ணே?" என்றது. சொல்லத் தெரியவில்லை. ராத்திரி முழுக்கப் படித்து, யூக்ளிட் சொன்னதைப் புரிந்துகொண்டு மறுநாள் சொன்னேன். கேட்டுவிட்டு அடுத்த கேள்வியை ஆரம்பித்துவிட்டது. எனக்குச் சரக்கு சீக்கிரம் தீர்ந்துவிடும், பி.காம். படித்தவனிடம் எவ்வளவுதான் இருக்கும்?

அதுக்கு மாதிரிப் பள்ளி வாசல் திறக்க இன்னும் மூணு வருஷம் இருக்கிறது. அந்த மூணு வருஷத்தில் "ஏண்ணே" என்று கேட்கிற பழக்கம் போய்விடும். எனக்குப் போன மாதிரி.

டிஸ்கி: யூக்ளிட் சொன்ன காரணத்தை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. தெரியாதவர்கள் ஒரு ராத்திரி யோசித்துப் பாருங்கள். ஒன்றரை நிமிஷக் கணக்கு வேண்டாம்.