ஈ-410: ஹலால் பட்டியல் பதில் சொல்லாத கேள்வி

சில வாரங்களுக்கு முன்னர் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றபோது, ஊரில் சில்லறைக் கடை நடத்தும் நண்பர் ஒருவர் ஐஸ்கிரீம் பெட்டியொன்றின் படத்தைக் கைபேசியில் காட்டினார். "ஈ-410 ஹராமாம் என்டு சொல்லி ஒருத்தர் இத வாங்காமப் போய்ட்டார். உண்மையா?" என்று கேட்டார். வட்ஸ்அப்பில் வலம்வரும் 'ஈ' இலக்கப் பட்டியல்களில் ஏதோ ஒன்று அந்த வாடிக்கையாளரைக் குழப்பியிருக்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கான பதில் எளிது. ஈ-410 விலங்கிலிருந்து வருவதல்ல. கரோப் எனும் மரத்தின் விதையிலிருந்து எடுக்கப்படும் பசை அது. அரபியில் கர்ரூப் என்பர். காய் வளைந்து கறுத்திருப்பதால் துருக்கியர் அதனை 'ஆட்டுக் கொம்பு' என்கின்றனர். எகிப்தில் நோன்பு காலத்தில் அதன் பானம் பிரபலம். நகைக் கடையில் நாம் சொல்லும் 'கரட்' என்ற சொல்லும், ஜனாஸாத் தொழுகையின் நன்மையைக் கூறும் ஹதீஸில் வரும் 'கீராத்' என்ற சொல்லும் இந்த விதையின் பழைய கிரேக்கப் பெயரிலிருந்து வந்தவையே.

மொரோக்கோ, ஸ்பெய்ன், போர்த்துக்கல், இத்தாலி, துருக்கி என மத்தியதரைக் கடலைச் சூழவுள்ள வரண்ட நிலங்களில் இம்மரம் வளர்கிறது. காயின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கே விதை. ஆனால் பணம் அந்த விதையில்தான் இருக்கிறது. தொழிற்சாலைகள் விதையின் கடினமான தோலை அமிலத்தாலோ வறுத்தோ நீக்குகின்றன. பின்னர் விதையைப் பிளந்து முளைக்கருவைப் பிரித்து, எஞ்சும் வெண்பகுதியை மாவாக அரைக்கின்றன. ஐஸ்கிரீமில் பனிக்கட்டிப் படிகங்கள் பெரிதாகாமல் தடுப்பதும், சீஸில் நீர் பிரியாமல் காப்பதும் இந்த மாவுதான். ஒரு பெட்டி ஐஸ்கிரீமில் இது நூற்றுக்கு ஒரு வீதம்கூட இருப்பதில்லை.

அந்தச் சிறு அளவுதான் 2021இல் ஐரோப்பாவை உலுக்கியது. துருக்கியிலிருந்து சென்ற ஈ-410 தொகுதிகளில் எத்திலீன் ஒக்சைட் எச்சம் கண்டுபிடிக்கப்பட்டது. கிருமிகளைக் கொல்லப் பயன்படும் இந்த வாயுவைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருளாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. உணவுப் பயிர்களில் இதனைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் நீண்டகாலமாகத் தடை விதித்திருந்தது. கலந்த அளவு சிறிதாயினும், மாசடைந்த பசை சேர்ந்த உற்பத்திகள் அனைத்தையும் மீளப் பெற வேண்டும் என 2021 ஜூலையில் முடிவானது. பல நாடுகளின் கடைகளிலிருந்து உலகப் புகழ்பெற்ற நிறுவனங்களின் ஐஸ்கிரீம் வகைகள் அகற்றப்பட்டன.

இங்கு கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுள்ளது. பசை குற்றவாளியல்ல. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2017இல் இதனை மீளாய்வு செய்து, பொதுமக்களுக்கு ஆபத்தில்லை என்றது. பச்சிளம் குழந்தைகள் தொடர்பில் மட்டும் மேலதிகத் தரவுகளைக் கோரியது. 2021இன் பிரச்சினை அதற்கு இடையில் எங்கோ ஒரு கட்டத்தில் நுழைந்த இரசாயனம். எனவே ஈ-410 ஹலாலா என்ற கேள்விக்கு "ஆம்" என்ற பதில் அன்றும் சரியாகவே இருந்திருக்கும். பெட்டி மட்டும் பாதுகாப்பானதாக இருந்திருக்காது.

ஐரோப்பாவால் அந்த உற்பத்திகளைத் திரும்பப் பெற முடிந்ததன் காரணம், எந்தத் தொகுதிப் பசை எந்தத் தொழிற்சாலைக்குச் சென்றது, அங்கிருந்து எந்தப் பெட்டிக்குள் போனது என்ற பதிவு அவர்களிடம் இருந்ததுதான். நமது வல்லாரையும் பொன்னாங்காணியும் பீடைநாசினி எச்சத்துக்காக ஐரோப்பிய எல்லையில் விசேட பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டு வந்துள்ளன. நாம் அனுப்புவதை அவர்கள் அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறார்கள். நமக்கு வருவதை நாம் எந்தளவு பார்க்கிறோம்?

2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிராக எழுந்த பிரசாரத்தின் பின்னர், உணவுப் பொதியின் மீதான நமது அக்கறை பெரும்பாலும் அந்த இலச்சினையுடனேயே நின்றுவிட்டது என்பது எனது அபிப்பிராயம். அன்றைய சூழலில் அது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அல்குர்ஆன் ஹலாலுடன் தய்யிபையும் சேர்த்தே பேசுகிறது. ஆகுமானது, நல்லது என்ற இரண்டில் முதலாவதற்கு நம்மிடம் பட்டியல்கள் நிறைய இருக்கின்றன. இரண்டாவதற்கு கேட்கும் பழக்கமே இல்லை.

கேட்கத் தொடங்குவது கடினமல்ல. தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, இறக்குமதியாளரின் முகவரி ஆகிய மூன்றும் தெளிவாக இல்லாத பொதியைக் கடைக்காரர் ஏற்கக் கூடாது. ஹலால் சான்றிதழ் வழங்குவோர், சேர்மானங்களின் மூலத்தை விசாரிக்கும்போதே அவற்றின் ஆய்வுகூட அறிக்கையையும் கோரலாம். சந்தேகம் எழுந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கமும், பிரதேச பொதுச் சுகாதார பரிசோதகரும் இருக்கிறார்கள். இது முஸ்லிம்களுக்கு மட்டுமான கோரிக்கையும் அல்ல. சிங்களத் தாயும் தமிழ்த் தாயும் அதே ஐஸ்கிரீமைத்தான் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். இலச்சினை விவகாரம் நம்மைத் தனிமைப்படுத்தியது. இந்தக் கேள்வியை எல்லோருடனும் சேர்ந்து கேட்கலாம்.

நண்பரிடம், "அது மரத்து விதை, தாராளமாக விற்கலாம்" என்றேன். பிறகு பெட்டியின் அடியில் தொகுதி இலக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இருபது வருடமாகக் கடை நடத்தும் அவர், "அத இதுவரைக்கும் பார்த்ததே இல்ல" என்றார். உண்மையைச் சொல்வதானால், அன்றுவரை நானும் பார்த்ததில்லை.