‘தனி’ என்ற சொல்லுக்குப் பின்னால்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

ஆங்கிலம் அறியாதவர் நாவிலும் தமிழ்ச்சொல் போலத் தவழ்கின்ற ஆங்கிலச் சொற்கள் சில உண்டு. ‘செபரேட்’ என்பது அவற்றுள் ஒன்று. “பில் செபரேட்டாப் போடுங்க” என்கிறார் உணவு விடுதியில் ஒருவர். “அண்ணனும் தம்பியும் செபரேட்டாப் போயிட்டாங்க” என்கிறார் தெருமுனையில் இன்னொருவர். இவ்வளவு எளிதாய் வாயில் வரும் இச்சொல்லைச் சற்று நின்று எண்ணிப் பார்ப்போமா, மாணவத் தோழர்களே?

ஆங்கிலத்தில் இச்சொல் இரண்டு வேலை செய்கிறது. வினையாக வரும்போது ‘பிரி’ என்று பொருள். அப்போது கடைசி அசை ‘ரேட்’ என நீண்டு ஒலிக்கும். பெயரடையாக வரும்போது ‘தனியான’ என்று பொருள். அப்போது அதே எழுத்துகள் ‘செப்ரட்’ எனச் சுருங்கி ஒலிக்கும். இதன் வேர் இலத்தீன் மொழியில் இருக்கிறது. அங்கே இதன் பெயரடை வடிவத்துக்குப் ‘பிரித்து வைக்கப்பட்டது’ என்பதே நேர்ப்பொருள். பிரித்து வைக்கப்பட்டது என்றால் பிரித்து வைத்தவர் ஒருவர் இருக்க வேண்டும் அல்லவா? காலப்போக்கில் அவர் மறைந்துவிட்டார். ‘தனி’ என்ற நிலை மட்டும் மிஞ்சிற்று.

தமிழில் வினைச்சொல் இப்படி ஆளை எளிதில் மறைப்பதில்லை. ‘பிரிந்தது’ என்றால் தன்வினை. ‘பிரித்தது’ என்றால் பிறவினை. ஒரு மெய்யெழுத்து மாறினால் போதும், பொறுப்பு யாருடையது என்பது மாறிவிடும். எங்கள் ஆய்வகத்திலேயே இதற்குச் சான்று உண்டு. பிரிபுனலில் நீரையும் மண்ணெண்ணெயையும் ஊற்றிக் குலுக்கி நிறுத்தினால், சிறிது நேரத்தில் மண்ணெண்ணெய் மேலும் நீர் கீழுமாகத் தாமே பிரிந்துவிடும். உப்புக் கரைசலை மூடி வைத்துவிட்டு எத்தனை நாள் காத்திருந்தாலும் உப்பு வேறு, நீர் வேறு ஆகாது. அடியில் தீ மூட்டிக் காய்ச்சித்தான் பிரிக்க வேண்டும். முன்னது பிரிதல், பின்னது பிரித்தல்.

என் தாயார் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் அல்லர். ஆயினும் அவர் களத்தில் தூற்றுவார், முறத்தில் புடைப்பார், சல்லடையில் சலிப்பார், அரிசியில் கல் பொறுக்குவார். இவை யாவும் பிரித்தல்தான். ஒவ்வொரு சொல்லிலும் வேலை செய்கிற கை ஒன்று தெரிகிறது. பதர் தானாகப் போய் ஒதுங்கிக்கொண்டது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆனால் ‘தனி’ என்ற அடைமொழி வந்துவிட்டால் தமிழிலும் கை மறைந்துவிடுகிறது. ‘தனி வரிசை’, ‘தனிக் குவளை’, ‘தனிப் பாதை’ என்னும்போது யார் பிரித்தார் என்ற கேள்வியே எழுவதில்லை. போதாக்குறைக்குத் ‘தனிச்சிறப்பு’, ‘தனித்திறமை’ என்று பெருமையோடும் அச்சொல் வழங்குவதால், ஒதுக்கி வைப்பதுகூட ஒரு மரியாதைபோல் காதில் விழுகிறது.

இந்த மறைவு எத்தனை பெரிய அநீதிக்குத் துணை நிற்கக்கூடும் என்பதற்கு வரலாறு சான்று தருகிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1890-இல் ஒரு சட்டம் பிறந்தது. இரயிலில் வெள்ளையருக்கு ஒரு பெட்டி, கறுப்பருக்கு வேறு பெட்டி. இரண்டும் சமமாக இருக்கும் என்றது அச்சட்டம். 1892-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஹோமர் பிளெசி என்னும் காலணித் தொழிலாளி, அதை எதிர்ப்பதற்கென்றே வெள்ளையர் பெட்டியில் ஏறி அமர்ந்து கைதானார். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1896-இல் ஏழு நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றனர். இதில் தாழ்வு இருப்பதாகக் கறுப்பர் எண்ணினால், அது அவர்களாகக் கற்பித்துக்கொண்ட பொருளே என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது! ஹார்லன் என்ற ஒரே நீதிபதி மட்டும் மாறுபட்டார். வெள்ளையரைக் கறுப்பர் பெட்டியிலிருந்து விலக்குவதற்காக இச்சட்டம் வரவில்லை. கறுப்பரை வெள்ளையர் பெட்டியிலிருந்து விலக்கவே வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும் என்று அவர் எழுதினார். மற்றவர்கள் ‘தனி’ என்ற அடையைப் பார்த்தார்கள். அவர் அதற்குப் பின்னால் இருந்த வினையையும், அந்த வினைக்குரிய எழுவாயையும் பார்த்தார். பள்ளிகளில் ‘தனி’ என்பதே சமமின்மைதான் என்று அதே நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளிக்க 1954 ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. ஒரு சொல்லின் திரையைக் கிழிக்க 58 ஆண்டுகள்!

தென்னாப்பிரிக்காவில் அந்தத் திரைகூடத் தேவைப்படவில்லை. தனித்தனி வசதிகள் சமமாக இருக்க வேண்டியதில்லை என்றே 1953-இல் அங்கே சட்டம் இயற்றினார்கள். அது 1990-இல்தான் நீக்கப்பட்டது.

கடல் கடந்த கதைகளைப் பேசிவிட்டு நம் ஊரை மறந்துவிடலாமா? நம் அரசியல் சட்டத்தின் 17 ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. இருந்தும் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை பற்றிய செய்திகள் இந்த நூற்றாண்டிலும் வந்தன. மாணவர் மணிக்கட்டில் சாதிக்கொரு வண்ணக் கயிறு ஏறியது. பள்ளிகளில் அக்கயிறுகளைத் தடை செய்யும்படி நீதியரசர் சந்துரு குழு 2024-இல் அரசுக்குப் பரிந்துரைத்தது. “அவரவர் விருப்பம், தானாக அமைந்தது” என்று இவற்றுக்குச் சமாதானம் சொல்வோர் உண்டு. மனிதர்கள் எண்ணெயும் நீருமாம்! இல்லை, தோழர்களே. அவர்கள் ஒரே கரைசல். யாரோ அடியில் தீ மூட்டாமல் அவர்கள் பிரிவதில்லை.

அப்படியானால் எல்லாத் தனிமையும் தீமையா? அன்று. நீதித்துறையை நிர்வாகத்துறையிலிருந்து பிரிக்கச் சொல்கிறது அரசியல் சட்டத்தின் 50 ஆம் பிரிவு. பிடித்த கையே தீர்ப்பும் எழுதக்கூடாது என்பதற்காக. 1955 ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், மணவிலக்குப் பெறாமலே நீதிமன்ற ஆணையுடன் பிரிந்து வாழ வழி செய்கிறது. துன்புறும் பெண்ணுக்கு அது ஒரு புகலிடம். 1932-இல் தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்று வாதிட்டவர் அம்பேத்கர். பூனா ஒப்பந்தத்தில் அது கைவிடப்பட்டு, பொது வாக்காளர்களே வாக்களிக்கும் ஒதுக்கீட்டு இடங்கள் வந்தன. இன்று தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பட்டியல் சாதியினருக்கு 44, பழங்குடியினருக்கு 2 என ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றையும் நாம் ‘தனித் தொகுதி’ என்றே சொல்கிறோம். ஆனால் அங்கே வாக்குரிமை எல்லோருக்கும் பொது. ஆக, கதவைத் திறக்கவும் ‘தனி’ உதவும், அடைக்கவும் உதவும். தனியே வைக்கப்பட்டவர் தாமே கேட்டுப் பெற்றதா, அவர்மேல் பிறர் சுமத்தியதா என்பதுதான் உரைகல்.

இந்த உரைகல்லை நம் கல்லூரியிலும் உரசிப் பார்ப்போம். தமிழ்வழி வகுப்பும் ஆங்கிலவழி வகுப்பும் வேறு வேறாக நடப்பதற்குக் காரணம் உண்டு, பயிற்றுமொழி வேறு. ஆனால் மாலையில் ஆடுகளத்திலும் இரவில் விடுதி உணவுக்கூடத்திலும் பயிற்றுமொழிக்கு என்ன வேலை? அங்கும் அவர்கள் ஒரு மூலை, இவர்கள் ஒரு மூலை! போகட்டும், ஊரையும் உறவையும் கேட்டறிந்த பின் பந்தியில் இடம் பார்க்கும் வழக்கம் யாருடைய கைவேலை? யாரும் ஆணையிடவில்லை என்பது உண்மை. ஆணையிடாமலே ஓர் ஆணை நிறைவேறுகிறது என்றால் அது இன்னும் கவலைக்குரியது அல்லவா?

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வினாடி வினாவுக்கும் கருத்தரங்குக்கும் அடுத்த ஆண்டு அணி சேர்க்கும்போது, இரு வழி மாணவரையும் கலந்தே சேர்த்துத் தாருங்கள். தோழர்களுக்கும் ஒன்று சொல்வேன். யாரேனும் ‘அது தனி’ என்று சொன்னால், உடனே தலையசைத்துவிடாதீர்கள். “பிரிந்ததா, பிரித்ததா? பிரித்தது என்றால், யார்?” என்று கேளுங்கள். படித்தவன் கேட்காத கேள்வியை வேறு யார் கேட்பது?